எகிப்தில் அடித்த ரோமானியக் காசுகள்: ஆண்டெழுத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "ரோமானிய நாணயம் சேகரிக்க ஆசை. தேடிப் பார்த்தால் எகிப்தில் அடித்தவைதான் எனக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருக்கின்றன. ஏன் இந்த மலிவு, போலியா? கிரேக்க எழுத்து தெரியாமல் எப்படிப் படிப்பது? எதிலிருந்து தொடங்கலாம்?"

போலி என்பதால் மலிவு இல்லை. ரோமில் அடித்த வெள்ளி தினாரியஸுக்கும் தங்க ஆரியஸுக்கும் போட்டி அதிகம். லத்தீன் எழுத்துக்குப் பழகிய சேகரிப்பாளர்கள் கிரேக்க எழுத்தைக் கண்டதும் ஒதுங்கிவிடுகிறார்கள். எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் இருந்த அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் இடம், முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஏராளமாக அடித்தது, வெள்ளியும் குறைவாகவே சேர்த்தது. அதனால்தான் இந்த விலை. இருபது ஆண்டுகளாக இவற்றோடு பழகுகிறேன், இன்னும் அலுக்கவில்லை. அதற்கு முதல் காரணம், காசு தன் பிறந்த ஆண்டைத் தானே சொல்லிவிடும் என்பதுதான். ரோமில் அடித்த காசுகளில் பலவற்றின் ஆண்டைப் பட்டங்களை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் ஊகிக்க வேண்டும். இங்கே அது காசின் மீதே பொறித்திருக்கும். ஆகவே எழுத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

பெரும்பாலும் பூப்பக்கத்தில், அதாவது தலை இல்லாத பக்கத்தில், ஆங்கில 'எல்' எழுத்தைப் போல ஒரு குறி இருக்கும். அது எழுத்து அல்ல, 'ஆண்டு' என்பதற்கான சுருக்கக் குறி. நம்முடைய பழைய பத்திரங்களில் வருடத்துக்கு ௵ என்று ஒரு குறி போடுவார்களே, அதே வேலைதான் இதற்கும். அதை ஒட்டி ஒன்றிரண்டு கிரேக்க எழுத்துகள் வரும். அவை எண்கள். ஆல்ஃபா 1, பீட்டா 2, காமா 3, டெல்டா 4, எப்சிலான் 5. ஆறுக்கு ஸ்டிக்மா என்ற தனிக்குறி. பிறகு ஸீட்டா 7, ஈட்டா 8, தீட்டா 9, அயோட்டா 10, காப்பா 20. பத்துக்கு மேலே போனால் பத்தையும் ஒற்றையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான். அயோட்டாவும் பீட்டாவும் சேர்ந்தால் 12. தமிழ் எண்ணில் 12ஐ ௰௨ என்று எழுதிய கைக்கு இதில் கற்க எதுவுமே இல்லை. ஒன்பதாம் ஆண்டை மட்டும் பல காசுகளில் எண்ணால் குறிக்காமல் முழுச் சொல்லாகவே எழுதியிருப்பார்கள். தீட்டா என்பது மரணம் என்ற கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து, அதனால் தவிர்த்தார்கள் என்று பலர் சொல்வார்கள்.

அந்த எண் பேரரசரின் ஆட்சியாண்டு. சோழர் கல்வெட்டில் 'யாண்டு' என்று வருவதைப் போலத்தான், ஆனால் எண்ணும் முறை எகிப்துக்கே உரியது. எகிப்திய ஆண்டு தோத் மாதம் முதல் நாள், அதாவது ஆகஸ்ட் 29 அன்று பிறக்கும். லீப் ஆண்டு ஒட்டி வந்தால் 30. ஒருவர் பதவியேற்ற நாளிலிருந்து வருகிற ஆகஸ்ட் 28 வரைக்கும் முதலாண்டு. அது எத்தனை குட்டையாக இருந்தாலும் சரி, மறுநாள் இரண்டாம் ஆண்டு தொடங்கிவிடும். ஹாட்ரியன் கி.பி. 117 ஆகஸ்ட் 11 அன்று பேரரசரானார். எகிப்தின் கணக்கில் அவருடைய முதலாண்டு மொத்தமே 18 நாள். அந்தச் செய்தியை அதிகாரிகளுக்கு அறிவித்த ஆளுநரின் சுற்றறிக்கை ஒன்று பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் கிடைத்திருக்கிறது. அதில் உள்ள தேதி ஆகஸ்ட் 25. மூன்று நாள் கழித்து ஆண்டே முடிந்துவிட்டது.

இந்தக் கணக்கு பிடிபட்டால் 68 ஆகஸ்ட் முதல் 69 ஆகஸ்ட் வரையிலான அந்த ஒரே எகிப்திய ஆண்டைப் பாருங்கள். பேரரசர் கால்பா தன் இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். ஜனவரியில் அவரைக் கொல்கிறார்கள். ஓத்தோ வருகிறார், ஏப்ரலில் தற்கொலை செய்துகொள்கிறார். பிறகு விட்டெல்லியஸ். ஜூலை 1 அன்று அலெக்சாந்திரியாவிலேயே ஆளுநர் டைபீரியஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர் தன் படைகளை வெஸ்பாசியனுக்கு உறுதிமொழி எடுக்க வைக்கிறார். ஆக, கால்பா ஆண்டு 2, ஓத்தோ ஆண்டு 1, விட்டெல்லியஸ் ஆண்டு 1, வெஸ்பாசியன் ஆண்டு 1. நான்கும் ஒரே பன்னிரண்டு மாதத்தில் ஒரே அக்கசாலையில் பிறந்தவை. இந்த நான்கையும் ஒரு வரிசையில் வைப்பது பலருக்குக் கனவு. எனக்கு இன்னும் விட்டெல்லியஸ் அமையவில்லை.

சரி, எகிப்துக்கு ஏன் தனிக் காசு? கி.மு. 30இல் கிளியோபாட்ரா இறந்ததும் அகஸ்டஸ் நாட்டைத் தன் நேரடிப் பிடியில் வைத்துக்கொண்டார். ரோமுக்குச் சோறு போட்ட பூமி அது. செனட்டர் எவரும் பேரரசரின் அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. கி.பி. 19இல் ஜெர்மானிகஸ் கேட்காமல் போய்விட்டு, தன்னைத் தத்தெடுத்த பேரரசர் டைபீரியஸிடம் கண்டனம் வாங்கினார். காசு விஷயத்திலும் அதே பூட்டுதான். எகிப்துக்குள் எகிப்தின் காசு மட்டுமே செல்லும், வெளிக்காசு கொண்டுவருகிறவர் மாற்றிக்கொள்ள வேண்டும். ரோமானியருக்கு முன் எகிப்தை ஆண்ட டாலமி மன்னர்கள் தொடங்கி வைத்த ஏற்பாடு இது. ரோமானியர்கள் அதைக் கலைக்காமல் விட்டார்கள். கி.பி. 20 வாக்கில் டைபீரியஸ் டெட்ராடிராக்ம் என்ற நாலு டிராக்மா காசை மறுபடி அடிக்கத் தொடங்கினார். செம்பில் கொஞ்சம் வெள்ளி கலந்த பில்லான் என்ற உலோகம். மதிப்பில் ஒரு தினாரியஸுக்குச் சமம் என்று வைத்தார்கள்.

அடுத்து நீரோ. பத்தாம் ஆண்டு முதல் பதினான்காம் ஆண்டு வரை, அதாவது 63 முதல் 68 வரை, பழைய நல்ல காசுகளை உருக்கி வெள்ளியைக் குறைத்து அவர் அடித்துக் குவித்த டெட்ராடிராக்ம்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் சந்தையில் ஓடின. இன்று விற்பனைக்கு வருகிற முதல் நூற்றாண்டுக் காசுகளில் நீரோதான் அதிகம். அதனால் அலட்சியம் வேண்டாம். அவர் காசுகள் சுவாரசியமானவை. ஒன்றில் அவர் அகத்தோடைமோன் என்ற காவல் நாகமாகவே வருகிறார். இன்னொன்றில் பேரரசரை ஏற்றி வரும் கப்பல். அலெக்சாந்திரியாவுக்கு வருவதாக இருந்தார், வரவே இல்லை. வராத பயணத்துக்கு அடித்த காசு அது! மனைவி பொப்பேயாவின் முகம் உள்ள பத்தாம், பதினோராம் ஆண்டுக் காசுகளும் கிடைக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன.

நீரோ காலத்து டெட்ராடிராக்ம் 12, 13 கிராம் எடையோடு அகலமாக இருக்கும். மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் 7, 8 கிராம்தான். சின்னதாக, தடித்து, பார்வைக்கு வெறும் செம்பு. இடையில் நடந்தது எல்லாம் வெள்ளி கரைந்த கதை. 260ஆம் ஆண்டில் ஆக்ஸிரிங்கஸ் ஊரில் நாணய மாற்றுக்காரர்கள் கடையை அடைத்துவிட்டார்கள், பேரரசர்களின் புதுக் காசை வாங்க மாட்டோம் என்றார்கள். கடையைத் திற, கள்ளக்காசு தவிர எல்லாவற்றையும் வாங்கு என்று அந்த வட்டார அதிகாரி போட்ட ஆணை பாப்பிரஸில் இருக்கிறது. அப்போது எகிப்தில் பேரரசர்களாக ஏற்கப்பட்டவர்கள் மாக்ரியானஸ், குயீட்டஸ் என்ற சகோதரர்கள். அவர்களுடைய முதலாண்டு டெட்ராடிராக்மைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆணையை நினைத்துப் பாருங்கள். மாற்றுக்காரர் தள்ளிவிட்ட காசு அதுவாகவே இருக்கலாம்.

விலை குறைவான டெட்ராடிராக்ம்களில் தொடங்கினாலும் மனம் போய் நிற்பது பெரிய வெண்கல டிராக்மாக்களில்தான். டிராஜன், ஹாட்ரியன், அண்டோனினஸ் பயஸ் காலத்தில் இவை உச்சம். மூன்றரை சென்டிமீட்டர் அகலம், இருபது கிராமுக்கு மேல் எடை. நன்றாகத் தேய்ந்தவைதான் கிடைக்கும். தேய்ந்தாலும் பரவாயில்லை என்பது என் கருத்து, ஏனென்றால் படம் பெரிது. நீலஸ் என்ற நைல் கடவுள் சாய்ந்து படுத்திருப்பார், கீழே முதலை, கையில் நாணலும் வளக்கொம்பும். சில காசுகளில் அவர் பக்கத்தில் அயோட்டாவும் ஸ்டிக்மாவும், அதாவது 16. இது ஆண்டு அல்ல, வெள்ளம்! நைல் பதினாறு முழம் ஏறினால் எகிப்து செழிக்கும். ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்: 12 முழத்தில் பஞ்சம், 13இலும் பசிதான், 14இல் மலர்ச்சி, 15இல் நிம்மதி, 16இல் ஆனந்தம். காவிரியில் புதுவெள்ளம் வந்ததா என்று மேட்டூர் அளவைப் பார்க்கிற நமக்கு அந்த எண்ணின் கனம் சொல்லாமலே புரியும். ஒரே காசில் ஆட்சியாண்டும் வெள்ள அளவும் சேர்ந்து வரும்போது குழம்பாதீர்கள். எல் போன்ற குறி எதன் பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் ஆண்டு.

அலெக்சாந்திரியாவின் ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் உள்ள காசுகள் டோமிஷியன் முதல் கொமோடஸ் வரை வருகின்றன. அந்தக் கோபுரம் பதினான்காம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் சிதைந்து போனது, இப்போது அந்த இடத்தில் கைத்பே கோட்டை நிற்கிறது. கோபுரம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இந்தச் சின்னப் படங்கள் முக்கியச் சாட்சி. உச்சியில் சிலை, ஓரங்களில் சங்கு ஊதும் டிரைட்டன் என்ற கடல் தேவர்கள். சில காசுகளில் ஐசிஸ் பாய்மரத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு கோபுரத்தை நோக்கி நிற்பாள். ரோமுக்குத் தானியம் ஏற்றிப் போன கப்பல்களின் காவல் தெய்வம்.

அண்டோனினஸ் பயஸின் இரண்டாம் ஆண்டுக் காசு ஒன்றில் தலையைச் சுற்றி ஒளி வீசும் ஃபீனிக்ஸ் பறவையும், 'யுகம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும் இருக்கும். எகிப்தின் பழைய 365 நாள் ஆண்டில் கால் நாள் விடுபடுவதால், சிரியஸ் விண்மீன் விடியலில் முதலில் தோன்றும் நாளும் புத்தாண்டு நாளும் ஒன்றாகச் சேர 1,461 ஆண்டுச் சுற்று ஆகும். அந்தச் சுற்று 139ஆம் ஆண்டில் நிறைவேறியது. இரண்டாம் ஆண்டு என்பது 138 ஆகஸ்ட் முதல் 139 ஆகஸ்ட் வரை. எழுத்தைப் படித்ததும் கணக்கு தானாகப் பொருந்திவிடுகிறது. இதே பேரரசரின் எட்டாம் ஆண்டில், 144-145இல், ராசிச் சக்கர வரிசை ஒன்றையும் வெளியிட்டார்கள். ஒவ்வொரு ராசியிலும் அதன் அதிபதிக் கிரகம். மேஷத்துக்குச் செவ்வாய், ரிஷபத்துக்குச் சுக்கிரன் என்று நம் பஞ்சாங்கம் சொல்கிற அதே உறவு! நல்ல நிலையில் இருந்தால் விலை மிக ஏறிவிடும். ஹாட்ரியனின் அன்புக்குரிய அந்தினூஸ் 130 அக்டோபரில் நைலில் மூழ்கி இறந்தான். அவன் முகம் தாங்கிய காசுகள் 19, 21ஆம் ஆண்டுகளில் அடிக்கப்பட்டன. அவை பணக்காரர்களின் காசு, படத்தில் பார்த்து மகிழ்வதோடு நான் நின்றுவிட்டேன்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர் பலர் கேட்பது ஒன்று உண்டு. நம்மூரில் ஆற்றுமணலில் கிடைக்கும் ரோமானியக் காசுகளில் இவை ஏன் இல்லை? வணிகப் பாதையே எகிப்து வழியாகத்தானே! முசிறியிலிருந்து புறப்பட்ட ஹெர்மாப்போலோன் என்ற கப்பலின் சரக்கைப் பற்றிய பாப்பிரஸ் வியன்னாவில் இருக்கிறது. அந்தச் சரக்கின் மதிப்பை டாலண்ட் என்ற பெரிய அலகிலும் டிராக்மாவிலும்தான் போட்டிருக்கிறார்கள், ஏறத்தாழ 70 லட்சம் டிராக்மா. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயிலும் குசைர் அல் காதிமிலும் தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கணக்கு எகிப்தியக் காசில், ஆனால் கடல் தாண்டி வந்தது தங்கமும் நல்ல வெள்ளியும். பூட்டிய நாட்டின் பில்லான் காசுக்கு வெளியே மதிப்பு கிடையாது. புதுக்கோட்டை அருகே 1898இல் கிடைத்த புதையலில் இருந்தவை 501 தங்கக் காசுகள். யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியது என்று அகநானூறு சொல்வதும் இதைத்தான். ஆகவே 'கரூர் ஆற்றில் கிடைத்தது' என்று ஒருவர் அலெக்சாந்திரியா டெட்ராடிராக்மை நீட்டினால் அந்தக் கதையை நம்ப வேண்டாம்.

இப்போது வாங்குவது. எகிப்தின் 1983ஆம் ஆண்டு 117ஆம் எண் சட்டம் தொல்பொருள் வணிகத்தையே நிறுத்தியது. அதற்கு முன்னால் உரிமம் பெற்ற வணிகர்கள் வழியாக வெளியேறிய காசுகள் நிறையவே உலகில் உள்ளன. நீங்கள் தேட வேண்டியது அவற்றைத்தான். 2011 கிளர்ச்சிக்குப் பிறகு எகிப்தின் தொல்லியல் இடங்களில் திருட்டுத் தோண்டல் பெருகியது. மண் ஒட்டியபடி மொத்தமாக, ஊர் பேர் இல்லாமல் வரும் காசுகளை நான் தொடுவதில்லை. நீங்களும் தொட வேண்டாம். ஒரு புதையல் குடத்தில் எந்தெந்த ஆண்டுக் காசுகள் சேர்ந்திருந்தன என்பதே அறிவு. உடைத்து விற்றால் அது போயிற்று. பழைய ஏலப் பட்டியல், பழைய சேகரிப்பின் சீட்டு, ரசீது, ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். கெய்ரோவில் வாழ்ந்த இத்தாலியர் ஜொவான்னி டாட்டாரி இந்தக் காசுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து 1901இல் பட்டியல் வெளியிட்டார். அவர் காசுகளின் மீது தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த படிகளும் பின்னாளில் அச்சாயின. உங்கள் காசு அந்தப் படியோடு பொருந்தினால் அதைவிட நல்ல பிறப்புச் சான்று வேறில்லை. இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சுங்கத்தில் உள்ளபடி அறிவித்து வாங்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாங்குவதற்கு முன்பே நன்றாக யோசித்துவிடுங்கள்.

போலிகளைவிடத் தவறான பெயர்தான் அதிகம் ஏமாற்றும். தொடக்கத்தில் ஒரு வியாபாரி 'கிளியோபாட்ரா காலத்து வெள்ளிக் காசு' என்று ஒன்றைக் கொடுத்தார். கழுகு இருந்தது, கிரேக்க எழுத்து இருந்தது, நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஆண்டெழுத்தைப் பார்த்தால் டெல்டா, தலைப்பக்கத்தில் பேரரசர் புரோபஸ். அதாவது 278-279. கிளியோபாட்ரா இறந்து முந்நூறு ஆண்டுக்குப் பிறகு அடித்த காசு, வெள்ளி பெயருக்குக்கூட இல்லை. அன்றைக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் கிரேக்க எண்களை உட்கார்ந்து மனப்பாடம் செய்தது அந்த இரவில்தான். அந்தக் காசை இன்றும் வைத்திருக்கிறேன்.

உண்மையான போலிகள் என்றால், வார்ப்பில் செய்தவை சோப்புக்கட்டி போல மழுங்கி இருக்கும், லென்ஸில் பார்த்தால் பரப்பில் நுண்குழிகள் தெரியும், எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்காது. விளிம்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அலெக்சாந்திரியாவில் வில்லைகளை அச்சில் வார்த்து, பிறகே முத்திரை அடித்தார்கள். அதனால் சரிந்த விளிம்பும் வார்ப்பு மூக்கு வெட்டிய தழும்பும் அசல் காசிலும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் நல்ல காசை இதனாலேயே போலி என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

வாங்கியதைத் தேய்க்க வேண்டாம். புளி, எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் கூடாது. பழுப்பும் கரும்பச்சையுமாக இறுகிய மேற்பரப்பே காசின் தோல். அது போனால் படமும் போகும். வெளிர்பச்சையில் மாவு போலப் பூக்கும் களிம்பு மட்டும் நோய். நம் கடலோர ஈரக்காற்றில் அது வேகமாகப் பரவும். அப்படிப்பட்ட காசைத் தனியே பிரித்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே வந்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மெத்தென்ற பிவிசி உறைகள் வேண்டாம்.

முதலில் எதை வாங்குவது? என் யோசனை: டயோக்ளீஷியனின் ஒரு டெட்ராடிராக்ம், அவரோடு ஆண்ட மாக்சிமியனின் ஒன்று. இரண்டுமே இருப்பதில் மலிவானவை. ஒரே எகிப்திய ஆண்டில் அடித்த இரண்டாகத் தேடுங்கள். மாக்சிமியன் ஓராண்டு பிந்திச் சேர்ந்தவர் என்பதால் டயோக்ளீஷியன் காசில் 10 என்றால் அவர் காசில் 9 இருக்கும். இந்தப் பாடம் ஏறிவிட்டால் பிறகு சிரியாவின் பல்மைரா நகரை ஆண்ட வபல்லாத்தஸும் ரோமானியப் பேரரசர் அரேலியனும் முதுகோடு முதுகாக ஒரே காசில் வருவதைத் தேடலாம். ஒரு பக்கம் அரேலியன் ஆண்டு 1, மறுபக்கம் வபல்லாத்தஸ் ஆண்டு 4. 270 வாக்கில் வபல்லாத்தஸின் தாய் ஸெனோபியாவின் படை எகிப்தைப் பிடித்தபோது யார் பெரியவர் என்று முடிவாகாத நாட்களின் காசு அது. ஸெனோபியாவின் முகம் உள்ளது மிக அரிது, அதைக் குறி வைத்துத் தொடங்க வேண்டாம்.

டயோக்ளீஷியனின் 12ஆம் ஆண்டோடு, 295-296இல், இந்த வரிசை நின்றுவிட்டது. 297இல் கிளர்ச்சி செய்த டொமிஷியஸ் டொமிஷியானஸ் மட்டும் இரண்டாம் ஆண்டு என்று போட்டுக் கொஞ்சம் அடித்தார். பிறகு அலெக்சாந்திரியாவிலும் லத்தீன் எழுத்து, பேரரசு முழுவதற்குமான ஒரே காசு, ஆண்டெழுத்து இல்லை. ஆனால் எண்ணிக்கை நின்றுவிடவில்லை. எகிப்தின் கிறிஸ்தவர்களான காப்டிக் திருச்சபை இன்றும் டயோக்ளீஷியனின் முதலாண்டான 284ஐத் தொடக்கமாக வைத்து, தியாகிகள் சகாப்தம் என்ற பெயரில் ஆண்டைக் கூட்டிக்கொண்டே வருகிறது. அவர்களுடைய புத்தாண்டு அதே தோத் முதல் நாள்தான், இப்போதைய நாட்காட்டியில் செப்டம்பர் 11. நீங்கள் வாங்கும் டயோக்ளீஷியன் காசில் உள்ள எண் அந்த எண்ணிக்கையின் முதல் பன்னிரண்டில் ஒன்று. முகம் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, அந்த எழுத்து தெளிவாக இருக்கிற காசாகப் பார்த்து எடுங்கள்.